களையை எடுக்கணும்... பயிரைப் பிடுங்கக் கூடாது!

செல்போன் வீடியோவை எடிட் செய்ய, விவசாயிகளுக்கான முதல் பாடம்

பூச்சிவிரட்டி தயாரிப்பு, விதைநேர்த்தி, கவாத்து, ஆட்டுக்குப் பரண் அமைப்பது என்று தங்கள் தோட்டத்தில் செய்வதைச் செல்போனில் படம்பிடித்து, வாட்ஸ்அப் குழுவிலும் யூடியூபிலும் போடும் விவசாயிகள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். படம் எடுப்பதில் யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. எடுத்ததை வெட்டி, ஒட்டி, பார்ப்பவருக்குப் பயன்படும்படி ஆக்குவதில்தான் பலரும் திணறுகிறார்கள். ‘எடிட்டிங் செய்ய எந்த ஆப் நல்லது?’ என்பதுதான் இவர்கள் முதலில் கேட்பது.

உண்மையில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதுதான் முதல் கேள்வி. அதில் தவறினால் நஷ்டம் வீடியோ போட்டவருக்கு அல்ல. அதைப் பார்த்துச் செய்தவருக்கு. ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்கலாம்.

காணாமல் போன ஓர் இரவு

அரை ஏக்கரில் கத்திரி போட்டிருக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா பல வருடங்களாக வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரித்துத் தெளிப்பவர். கல்லூரியில் படிக்கும் மகள், அதை வீடியோ எடுத்து ஊர்க் குழுவில் போட ஆசைப்படுகிறாள்.

முதல் நாள் மாலை, அப்பா வேப்பம் பருப்பை எடை போடுகிறார், இடிக்கிறார், தண்ணீரில் போடுகிறார். மறுநாள் காலை கலக்குகிறார், துணியில் வடிகட்டுகிறார், தண்ணீர் சேர்க்கிறார், சோப்புக் கரைசலை ஊற்றுகிறார், தெளிக்கிறார். மொத்தம் 12 துண்டுகள், 22 நிமிடங்கள். மகள் அதை மூன்று நிமிடமாகக் குறைத்துவிடுகிறாள். திணறல் இல்லாமல், பார்க்க அழகாக ஓடுகிறது வீடியோ. குழுவில் எல்லோரும் கைதட்டல் படம் போடுகிறார்கள்.

பத்து நாள் கழித்துப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு போன்.

“அண்ணே, உங்க வீடியோவைப் பார்த்துத்தான் செஞ்சேன். அசுவினி அப்படியே இருக்கு. ஒரு வேலை கூலியும் போச்சு.”

“எவ்வளவு நேரம் ஊறவெச்சீங்க?”

“ஊறவைக்கணுமா? தண்ணியை ஊத்தினீங்க, உடனே கலக்கினீங்க. நானும் அப்படித்தான் செஞ்சேன்.”

மகள் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள். அவர் சொல்வது சரிதான். ‘இது ராத்திரி முழுக்க ஊறணும்’ என்று அப்பா சொன்ன நேரத்தில் பக்கத்துக் காட்டு மோட்டார் இரைந்தது. சத்தம் நன்றாக இல்லையே என்று அந்த இடத்தை வெட்டிவிட்டாள். வீடியோவில் பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு காட்சியும் உண்மை. இரண்டு காட்சிகளுக்கு நடுவில் ஓர் இரவு காணாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இந்த ஒரு வெட்டை நினைவில் வைத்துக்கொண்டால், எடிட்டிங்கில் பாதியைக் கற்றுக்கொண்டதாக அர்த்தம்.

எடிட்டிங் என்றால் என்ன?

1895-ம் ஆண்டு பாரீஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் முதன்முதலாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு திரையில் படம் காட்டியபோது, அதில் ஒரு படம் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுபவரைப் பற்றியது. ஒரு பையன் குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நிற்கிறது. தோட்டக்காரர் குழாயின் வாயை எட்டிப் பார்க்கும்போது பையன் காலை எடுக்கிறான், முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது. படம் ஒரு நிமிடம்கூட ஓடாது. கேமராவை ஒரே இடத்தில் வைத்து, ஒரே மூச்சில் எடுத்தது. வெட்டு, ஒட்டு எதுவும் இல்லை.

நடப்பது அனைத்தும் ஒரே இடத்தில், ஒரு நிமிடத்தில் முடிந்தால் எடிட்டிங் தேவையில்லை. விவசாய வேலை அப்படி முடியாது. நாற்று விட்டதற்கும் நடவுக்கும் நடுவில் வாரங்கள் இருக்கின்றன. கரைசல் ஊற ஓர் இரவு தேவை. இந்த நீண்ட காலத்தைச் சில நிமிடங்களுக்குள் சுருக்குவதற்குத்தான் எடிட்டிங். சுருக்கும்போது வேண்டாததை எடுக்கிறோம், வேண்டியதை வரிசைப்படுத்துகிறோம், விட்டுப்போனதைக் குரலாலும் எழுத்தாலும் நிரப்புகிறோம். களை எடுப்பதும், நாற்றை வரிசையில் நடுவதும், பயிர் செத்த இடத்தில் வழிநடவு செய்வதும் போன்ற மூன்று வேலைகள்தான் இவை.

படம் எடுக்கும்போதே பாதி வேலை முடியணும்

சொத்தை விதையை முளைக்கவைக்க முடியாது. அதுபோல, மோசமாக எடுத்த படத்தை எந்த ஆப்பாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை:

* லென்ஸை சுத்தமான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். தோட்ட வேலையில் கை ரேகையும் தூசியும் படிந்து படம் மங்கலாவது சகஜம்.

* போனை ஏரோபிளேன் மோடில் போட வேண்டும். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு தடைபடும்.

* சூரியன், படம் எடுப்பவரின் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். காலை, மாலை வெளிச்சம் நல்லது. உச்சி வெயிலில் முகம் கறுத்து, இலை வெளிறித் தெரியும்.

* பதிவு பட்டனை அழுத்தி மூன்று விநாடி கழித்துப் பேசத் தொடங்க வேண்டும். பேசி முடித்த பிறகும் மூன்று விநாடி ஓடவிட வேண்டும். வரப்பு இல்லாமல் உழவு ஓட்டினால் அடுத்த வயலுக்குள் கலப்பை போவது போல, இந்த மூன்று விநாடி இல்லாவிட்டால் வெட்டும்போது பேச்சும் சேர்ந்து வெட்டுப்படும்.

* ஒவ்வொரு வேலையையும் இரண்டு தூரத்தில் எடுக்க வேண்டும். ஆளும் இடமும் தெரியும்படி ஒன்று. கையும் பொருளும் மட்டும் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று. தராசு காட்டும் எண், அளவுக் குவளையின் கோடு, இலையின் அடிப்பகுதியில் இருக்கும் பூச்சி ஆகியவை கிட்டத்துப் படத்தில்தான் விளங்கும். எடிட்டிங்கில் இந்தக் கிட்டத்துப் படங்கள்தான் கைகொடுக்கும்.

* மோட்டார், டிராக்டர், காற்று இரைச்சலுக்குத் தள்ளி நின்று பேச வேண்டும். வயருள்ள இயர்போனின் மைக்கைச் சட்டைப் பித்தானுக்கு அருகில் மாட்டிக்கொண்டாலே குரல் தெளிவாக விழும்.

குரல் விஷயத்தில் அலட்சியம் கூடாது. படமே இல்லாத வானொலி, 1960-களில் ஏடிடீ 27 நெல் ரகத்தைத் தஞ்சை விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பால் பரவியதால் அந்த ரகத்துக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வந்தது. படம் சுமாராக இருந்தாலும் குரல் தெளிவாக இருந்தால் மக்கள் பார்ப்பார்கள். குரல் புரியாவிட்டால் எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் பாதியில் மூடிவிடுவார்கள்.

எடிட்டிங்: எட்டுப் படிகள்

அந்தக் கத்திரித் தோட்டத்து மகள் தன் வீடியோவை மறுபடி செய்வதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

1. காகிதத்தில் எழுதுவது: போனைத் தொடுவதற்கு முன், ‘இதைப் பார்ப்பவர் என்னென்ன தெரிந்துகொண்டால் தானே செய்ய முடியும்?’ என்று எழுத வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு அந்தப் பட்டியல் இப்படி இருக்கும்.

நன்கு காய்ந்த வேப்பம் பருப்பு 5 கிலோ. 3 மாதத்துக்குக் குறையாத, 8 முதல் 10 மாதத்துக்கு மேற்படாத கொட்டையாக இருக்க வேண்டும். இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். காலையில் மரக்கட்டையால் பால் போல வெளுக்கும் வரை கலக்கி, மெல்லிய துணியை இரண்டாக மடித்து வடிகட்ட வேண்டும். மொத்தம் 100 லிட்டர் வரும்படி தண்ணீர் சேர்க்க வேண்டும். 200 கிராம் சோப்பைத் தனியே கரைத்துச் சேர்க்க வேண்டும். அன்றன்று தயாரித்ததை அன்றே, மாலை 3.30 மணிக்குப் பிறகு தெளிக்க வேண்டும்.

இந்தப் பட்டியல்தான் பயிர். வீடியோவில் இதைத் தவிர மற்றதெல்லாம் தேவைப்பட்டால் எடுத்துவிடக்கூடியவை.

2. எல்லாத் துண்டுகளையும் ஒரு முறை பார்ப்பது: 12 துண்டுகளையும் முழுதாகப் பார்த்து, எதில் எது இருக்கிறது என்று குறிக்க வேண்டும். அப்போதே, பட்டியலில் உள்ள ஏதாவது படத்தில் இல்லையா என்பது தெரிந்துவிடும். இந்த வீடியோவில் கொட்டையின் வயதை அப்பா சொல்லவே இல்லை. மோட்டார் சத்தத்தில் ‘ஓர் இரவு’ கேட்கவில்லை. இரண்டையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

3. வரிசைப்படுத்துவது: ஆப்பைத் திறந்து துண்டுகளைச் சேர்த்தால், கீழே ஒரு நீண்ட பட்டையாகத் தெரியும். இதை டைம்லைன் என்பார்கள். துண்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்து இழுத்தால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். வேலை நடந்த வரிசையிலேயே வைப்பது தொடக்கநிலையில் பாதுகாப்பானது.

4. முனைகளை நறுக்குவது: துண்டைத் தொட்டால் இரு முனைகளிலும் கைப்பிடி போலத் தெரியும். அதை உள்ளே தள்ளினால் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வீணான பகுதி மறையும். இது டிரிம். கேமரா ஆடியது, ‘எடுக்கிறியா?’ என்று கேட்டது, தொண்டையைச் செருமியது எல்லாம் இதில் போய்விடும்.

5. நடுவில் வெட்டுவது: ஒரு துண்டின் நடுவே வேண்டாத பகுதி இருந்தால், அது தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு, முடியும் இடத்தில் ஒரு வெட்டு போட்டு நடுத்துண்டை அழிக்க வேண்டும். இதற்கான பட்டன் ஸ்பிளிட். பெரும்பாலான ஆப்களில் கத்தரிக்கோல் படம் போட்டிருக்கும். பருப்பு இடிப்பது ஆறு நிமிடம் ஓடுகிறதா? இடிக்கத் தொடங்குவதில் ஐந்து விநாடியும், தூளாகி முடிந்ததில் ஐந்து விநாடியும் போதும்.

6. வெட்டிய தழும்பை மூடுவது: பேச்சின் நடுவே வெட்டினால் ஆளின் தலை திடுக்கென்று இடம் மாறும். அந்த இடத்தில், எடுத்து வைத்திருக்கும் கிட்டத்துப் படத்தை மேலே வைத்தால், குரல் தொடர்ந்து ஓடும், வெட்டு தெரியாது. பல ஆப்களில் இதற்கு ஓவர்லே அல்லது பிஐபி என்று பெயர். மோட்டார் சத்தம் விழுந்த இடத்தையும் இப்படித்தான் காப்பாற்றியிருக்க வேண்டும். அந்தக் காட்சியின் ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டு, ‘ஓர் இரவு முழுக்க ஊறணும்’ என்று அப்பாவின் குரலை வீட்டுக்குள் அமைதியாகப் பதிவு செய்து சேர்த்திருந்தால், அந்தப் போன் வந்திருக்காது.

7. எழுத்துப் போடுவது: அளவும் நேரமும் வரும் இடமெல்லாம் திரையில் பெரிதாக எழுத்து வர வேண்டும். ‘வேப்பம் பருப்பு 5 கிலோ’, ‘ஊறவைத்தல்: 1 இரவு’, ‘மொத்தம் 100 லிட்டர்’. ஒரு வரியை வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரமாவது அது திரையில் நிற்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோ சுருக்கப்படுவதால் சின்ன எழுத்து கலங்கிப்போகும். இலைப் பச்சை மேல் மஞ்சள் எழுத்து தெரியாது. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து வெயிலிலும் தெரியும். காலம் தாவும் இடங்களில் ‘மறுநாள் காலை 7 மணி’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

8. வெளியே எடுப்பது: எல்லாம் முடிந்ததும் எக்ஸ்போர்ட் அல்லது சேவ் பட்டனை அழுத்தினால், துண்டுகள் சேர்ந்து ஒரே வீடியோவாக மாறும். 1080 என்ற அளவு போதும். 4கே என்பது அதைவிட நான்கு மடங்கு படப்புள்ளிகள் கொண்டது. போனின் இடத்தையும் டேட்டாவையும் விழுங்கும். ஒரு விநாடிக்கு 30 படங்கள் என்ற அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. வெளியே எடுக்கும் வரை மூலத் துண்டுகளை போனிலிருந்து அழிக்கக் கூடாது. அழித்தால் ஆப்பில் செய்த வேலையில் ஓட்டை விழும்.

நிறத்தைத் தொடாதீர்கள்

எடிட்டிங் ஆப்களில் ‘ஃபில்டர்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் வயல் பளபளவென்று பச்சையாகும். கல்யாண வீடியோவுக்கு அது சரி. பயிர் வீடியோவுக்கு ஆகாது.

விவசாயி, பயிரின் குறையை இலையின் நிறத்தில்தான் படிக்கிறார். அடி இலைகள் வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை. இளம் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. நெல்லுக்கு எப்போது யூரியா இட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கவே இலை வண்ண அட்டை என்று ஒன்று பயன்பாட்டில் இருக்கிறது. பச்சையில் ஒரு படி மாறினாலே உர முடிவு மாறும். ஃபில்டர் போட்ட வீடியோவைப் பார்ப்பவர், ‘இவர் பயிர் இவ்வளவு பச்சையாக இருக்கிறதே’ என்று தன் வயலில் தேவையில்லாமல் ஒரு மூட்டை யூரியாவைக் கொட்டினால், அந்தச் செலவுக்குக் காரணம் அந்த ஒரு தட்டுதான். இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம். நிறத்தை அப்படியே விட்டுவிட வேண்டும்.

இரண்டு காட்சி சேர்ந்தால் மூன்றாவது அர்த்தம்

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சி இல்லாத முகத்தை, ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியோடும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றேதான். ஆனால், சூப்போடு பார்க்கும்போது அது பசித்த முகமாகவும், சவப்பெட்டியோடு பார்க்கும்போது துக்க முகமாகவும் தெரிந்தது. அடுத்தடுத்து வைத்தாலே, இல்லாத தொடர்பை மனம் உண்டாக்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் பாடம்.

விவசாய வீடியோவில் இது தினமும் நடக்கிறது. வாடிய செடி, அடுத்து ஒரு கரைசலைத் தெளிப்பது, அடுத்து செழித்த செடி. பார்ப்பவர் மனதில் ‘தெளித்ததால் செழித்தது’ என்று பதிந்துவிடும். நடுவில் மழை பெய்திருக்கலாம். உரம் இட்டிருக்கலாம். வேறு பாத்தியின் செடியாகக்கூட இருக்கலாம். எனவே, ‘முன்’, ‘பின்’ என்று காட்டுவதானால் அதே பாத்தி, அதே இடம், அதே கோணமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் தேதி போட வேண்டும். நடுவில் செய்த மற்ற வேலைகளையும் சொல்ல வேண்டும். தெளிக்காத ஒரு பாத்தியையும் பக்கத்தில் காட்டினால், அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வெட்டவே கூடாதவை

* அளவும் விகிதமும்: எவ்வளவு பொருள், எவ்வளவு தண்ணீர் என்ற இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பஞ்சகவ்யா 3 சதவிகிதம் என்று மட்டும் சொன்னால் பலருக்கும் விளங்காது. ‘10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 5 கிலோ பருப்பை 10 லிட்டரில் ஊறவைத்ததைக் காட்டிவிட்டு, 100 லிட்டர் ஆக்கியதை வெட்டினால், பார்ப்பவர் பத்து மடங்கு அடர்த்தியாகத் தெளிப்பார். இளந்தளிர் கருகவும் வாய்ப்பு உண்டு.

* நேரம்: ஊறும் நேரம், தெளிக்கும் பொழுது, பயிரின் வயது.

* பாதுகாப்பு: கையுறை, முகக்கவசம் அணிவது, காற்றடிக்கும் திசையில் தெளிப்பது ஆகியவை ‘எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்று முதலில் வெட்டப்படுபவை. முதல்முறை தெளிக்கப்போகும் இளைஞருக்கு அது தெரிந்திருக்காது.

* அறுவடை இடைவெளி: ரசாயன மருந்து தெளிப்பதைக் காட்டினால், எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதையும் மருந்தின் லேபிளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

* தோல்வி: ‘போன வருஷம் மழைக்கு முன்னாடி தெளிச்சு வீணாப்போச்சு’ என்று ஒருவர் சொல்வது, வீடியோவின் மிக நல்ல பகுதி. பெருமைக்குக் குறைவு என்று அதை எடுத்துவிடக் கூடாது.

எந்த ஆப்?

முனைகளை நறுக்க மட்டும் என்றால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இருக்கும் கூகுள் போட்டோஸ் போதும். துண்டுகளைச் சேர்க்க, குரல் பதிய, எழுத்துப் போட யூடியூப் கிரியேட், விஎன், இன்ஷாட், கைன்மாஸ்டர் போன்றவை இருக்கின்றன. கைன்மாஸ்டரை இலவசமாகப் பயன்படுத்தினால் வீடியோவின் மூலையில் அதன் பெயர் விழும். ஏதாவது ஒன்றை எடுத்து, அதிலேயே மூன்று, நான்கு வீடியோ செய்து கை பழகுவது நல்லது. மாதத்துக்கு ஓர் ஆப் மாற்றினால், பருவத்துக்கு ஒரு பயிர் மாற்றிக் கணக்குப் புரியாமல் போன கதைதான்.

காட்சி மாறும்போது சுழல்வது, இதயம் பறப்பது, திரை கிழிவது போன்ற ஜாலங்கள் ஆப்பில் கொட்டிக்கிடக்கும். ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் நேரடி வெட்டே போதுமானது.

போடுவதற்கு முன் ஒரு சோதனை

வீடியோ முடிந்ததும், அந்த வேலையை இதுவரை செய்தே இராத ஒருவரிடம் காட்ட வேண்டும். பார்த்து முடித்த பிறகு, ‘இப்போ நீங்க செய்யுறதா இருந்தா என்னென்ன, எவ்வளவு எடுப்பீங்க? சொல்லுங்க’ என்று கேட்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே வீடியோவில் ஓட்டை இருக்கிறது. அவரைக் குறை சொல்லாமல் திரும்பப் போய் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டும், ஒருமுறை வெயிலில் நின்றும் பார்த்துவிடுவது நல்லது.

சொல்லும் அளவில் சந்தேகம் இருந்தால், வீடியோ போடுவதற்கு முன்பே அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண்ணிலோ கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

வாசகர்களின் கேள்விகள்

போனை நெட்டுக்குத்தாகப் பிடிப்பதா, படுக்கைவசமாகப் பிடிப்பதா?

பார்க்கப்போகும் இடத்தைப் பொறுத்தது. யூடியூபில் முழு வீடியோவாகவோ, கிராமக் கூட்டத்தில் டிவியிலோ காட்டுவதானால் படுக்கைவசம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், யூடியூப் ஷார்ட்ஸ் என்றால் நெட்டுக்குத்து. ஒரே வீடியோவில் இரண்டையும் கலந்தால் பக்கங்களில் கறுப்புப் பட்டை விழும்.

பின்னணியில் சினிமாப் பாட்டுப் போடலாமா?

கூடாது. பாட்டுக்குக் காப்புரிமை உண்டு. யூடியூபில் வீடியோ முடக்கப்படவோ, அதன் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகவோ வாய்ப்பு இருக்கிறது. இசை வேண்டுமென்றால் யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகக் கிடைப்பதைப் பயன்படுத்தலாம். பேசும் இடத்தில் இசையை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். கிணற்றடிச் சத்தமும் குருவிச் சத்தமும் இருந்தாலே பல வீடியோக்களுக்குப் போதும்.

பயிர்ச் சேதத்தை வீடியோ எடுத்தால், சுருக்கமாக எடிட் செய்து அனுப்பலாமா?

அந்த வீடியோவில் கைவைக்கவே கூடாது. எடிட் செய்த வீடியோ மேல் சந்தேகம் எழலாம். வயலின் எல்லை, அடையாளமான மரம் அல்லது கிணறு, சேதம் மூன்றும் ஒரே பதிவில் வரும்படி நிறுத்தாமல் எடுத்து, மூலக்கோப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும். எடுத்த தேதி, நேரம் போன்ற விவரங்கள் அந்தக் கோப்பில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிரதியில் அவை பெரும்பாலும் போய்விடும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ப் பேரிடர் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வீடியோவுக்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது.

போட்ட பிறகு தவறு தெரிந்தால் என்ன செய்வது?

யூடியூபில் போட்ட வீடியோவை எடுத்துவிட்டு வேறொன்றை அதே முகவரியில் மாற்றிவைக்க முடியாது. தவறு பயிரைப் பாதிக்கும் அளவுக்கு இருந்தால், பார்வை எண்ணிக்கை போய்விடுமே என்று தயங்காமல் அதை நீக்கிவிட்டு, திருத்தியதைப் புதிதாகப் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் நீக்கினாலும், மற்றவர்கள் ஏற்கெனவே அனுப்பிவிட்ட பிரதிகள் திரும்பி வராது. அதனால், எந்தெந்தக் குழுவுக்குப் போயிருக்குமோ அங்கெல்லாம் திருத்தத்தையும் அனுப்ப வேண்டும்.

அந்தக் கத்திரித் தோட்டத்து மகள் செய்ய வேண்டியதும் இதுதான். புதிய வீடியோவில் தூளைத் தண்ணீரில் போட்ட காட்சிக்குப் பிறகு, பாத்திரத்தின் மேல் துணி மூடியபடி ஐந்து விநாடி அசையாமல் நிற்கட்டும். திரையில் பெரிய எழுத்தில் ‘ஓர் இரவு ஊற வேண்டும்’ என்று வரட்டும். அப்பாவின் குரலும் அதையே சொல்லட்டும். முந்தைய வீடியோவில் இதுதான் விட்டுப்போனது என்பதையும் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடட்டும். வீடியோ ஐந்தாறு விநாடி நீளும். பக்கத்து ஊர்க்காரருக்கு அடுத்த முறை கூலி வீணாகாது.